வீட்டுச் சாப்பாடு

"அந்த எண்ணெய் பாட்டிலை இப்படிக் குடுங்க. உங்களை நம்பி விட்டா வாணலியில நீச்சலே அடிக்கலாம்."

லிஃப்ட் மெக்கானிக் பாட்டிலை மனைவியிடம் நீட்டிவிட்டு பீன்ஸ் நறுக்கப் போய்விட்டார். பந்தயத்துக்கு நறுக்குகிறவர் மாதிரிதான் எப்போதும் நறுக்குவார். இரவு டூட்டிக்காரர், இருபது நிமிடத்துக்குள் சமையல் முடிந்தாக வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு வருடம். இந்த ஜோடி சேர்ந்து சமைக்கிற அழகைக் கீழ்வீட்டுக்காரி குடியிருப்பு முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள். அவள் வீட்டு மனிதருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. வயிறு எரியாதா என்ன? சனி, ஞாயிறு மட்டும் மேலேயிருந்து வதக்குகிற வாசனை இறங்காது. வெளியூர் லிஃப்டுகளுக்கெல்லாம் அந்த இரண்டு நாளில்தான் உடம்புக்கு வரும்.

இன்றைக்கு மனைவிக்கு மனசு சரியில்லை. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கடையிலிருந்து வாங்கி வந்த கருவியால் சற்று முன்புதான் அவர் விரலில் குத்திப் பார்த்திருந்தாள். சர்க்கரை மறுபடியும் ஏறியிருந்தது. அவள் அப்பாவை இதே சர்க்கரைதான் கொண்டுபோயிற்று. முதலில் கால் விரல், பிறகு கால், பிறகு ஆள்.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். சோற்றை நிறுத்தியாயிற்று. எண்ணெயை ஸ்பூனில் அளந்தாயிற்று. இனிப்பு என்ற சொல்லையே வீட்டை விட்டுத் துரத்தியாயிற்று. அவரும் பேருக்கு நாலு வாய் கொறித்துவிட்டு 'டூட்டிக்கு நேரமாச்சு' என்று ஓடுகிறவர். அப்படியும் பெல்ட்டில் மாதத்துக்கு ஒரு புது ஓட்டை விழுந்தது. காற்றைக் குடித்தே கொழுக்கிற உடம்போ என்னவோ.

"உண்மையைச் சொல்லுங்க. வெளியில என்ன வாங்கித் தின்னுறீங்க?"

"வெளியிலயா? ஒரு டீ கூடக் கிடையாது."

"அப்ப இந்தத் தொப்பை என்ன, வாடகைக்கு எடுத்ததா?"

"எங்க வேணா சத்தியம் பண்றேன். வீட்டுச் சாப்பாட்டைத் தவிர வேற எதையும் நான் தொடுறதில்ல."

அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் தினமும் மாரடிக்கிறவள் அவள். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

போதாததற்குக் கீழ்வீட்டுக்காரியே சாட்சி. போன மாதம் அவளுடைய அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், இவர்தான் போய்ச் சரிசெய்தார். அக்கா விடாமல் தட்டு வைத்திருக்கிறாள். இவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "இல்லைங்க, வேணாம். வீட்டுல சாப்பிடாம காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். யார் வீட்டில் தட்டை நீட்டினாலும் அவர் சொல்வது அதுதான். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பாடமாகிவிட்டது.

மறுநாளே கீழ்வீட்டுக்காரி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். "பொண்டாட்டின்னு சொல்லக்கூட வெக்கப்பட்டுக்கிட்டு 'வீட்டுல'ங்கிறாராம். எங்க வீட்ல இருக்கிறது எங்க தட்டைக் கண்டாலும் உட்கார்ந்துடும். குடுத்து வெச்சவடி நீ."

மருந்துக்கடைக்காரி கைத்துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த 'வீட்டுல'யை நினைத்து நினைத்தே ஒரு வாரம் ஓட்டினாள். லிஃப்ட் சரியானது ஒரு சனிக்கிழமை, அன்று அவர் இங்கே வந்து சேரவேயில்லை, போகிற வழியில் ஊருக்கு வெளியே இன்னொரு லிஃப்ட் அழைத்துக்கொண்டது என்பதெல்லாம் வேறு விஷயம்.

காய் வெந்தது. முட்டையின் வெள்ளைக்கரு தயார். கோஸ் சூப்பில் மிளகுத்தூள் தூவினாள். அவர் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"உட்காருங்க. இன்னைக்கு முழுத் தட்டும் என் கண்ணெதிர்ல காலியாகணும்."

"நேரமாச்சும்மா."

"லிஃப்ட்ல மாட்டினவங்க பத்து நிமிஷம் சும்மா நிக்கட்டும். ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டாங்க."

"நீ புரியாம பேசற."

"எங்கப்பாவும் இப்படித்தான் நேரமாச்சு நேரமாச்சுன்னார்." தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "எனக்காக ஒரு நாள். வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்தார். நாலு வாய் போயிற்று. ஐந்தாவது வாயை எடுக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போன் மறுபடியும் அதிர்ந்தது.

கணவர் உட்கார்ந்து சாப்பிடுகிற சந்தோஷத்தில் அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. இன்னொரு கரண்டி காயை அள்ளித் தட்டுக்கு மேலே கொண்டுவந்தாள். அவர் சட்டென்று தட்டின் மேல் கையை விரித்தார். பார்வை கடிகாரத்தில் இருக்க, வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"இல்லைங்க, வேணாம். வீட்டுல சாப்பிடாம காத்துக்கிட்டு இருப்பாங்க."