வாய் நிமிர்ந்த மணி

அந்த வெடிப்பு மேகத்துக்குள்ளும் இந்த மணி திறந்தவெளியில்தானே தொங்கிக்கொண்டிருந்திருக்கும் என்று ஐவி நினைத்துக்கொள்கிறாள். இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுகத்தில் கட்டி நிறுத்தியிருக்கும் போர்க்கப்பலின் மேல்தளத்தில், மாலுமிகள் வழக்கப்படி, கப்பல் மணியை வாய் மேலே பார்க்கத் திருப்பி அவள் கைக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்த வெயில், முன்பு இதில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின், உள்ளே வெட்டப்பட்ட பெயர்கள் மேல் நெளிகிறது. அடுத்த பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. “யோசிக்காதீங்க அண்ணி, உங்க வீட்டுக்காரன் மணியக் கைத்தோலு உரியிற மட்டும் தேச்சு வச்சிருக்கான்,” என்கிறான் அவள் கணவனின் சக மாலுமி லென். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் கணவன் ரெஜ்ஜும் சிரிக்கிறான். அவன் ஈறுகளில் ரத்தம் கசிந்திருக்கிறது. போன வருஷம் ஆஸ்திரேலியக் கரையோரம் அணுகுண்டைச் சோதனைக்காக வெடிக்கவைத்துவிட்டு, எழுந்த மேகத்துக்குள் இந்தக் கப்பலைச் செலுத்தச் சொன்னார்கள். வெடிப்புக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணைப் பொத்தியபோது, அந்த வெளிச்சத்தில் தன் விரல் எலும்புகளைப் பார்த்ததாக அவன் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான். பாதிரியார் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு காத்திருக்கிறார். குழந்தை சால்வையிலிருந்து கையை நீட்டுகிறது; வெயில் ஊடுருவி அந்தச் சின்ன விரல்கள் சிவக்கின்றன. “புள்ளையக் குடு ஐவி,” என்று ரெஜ் கையை நீட்டுகிறான். அவள் ஒரு அடி பின்னால் நகர்கிறாள். “இவளுக்குக் கரையிலயே பேரு வச்சுக்கலாம் ரெஜ்,” என்று மெல்லச் சொல்லி, அந்த விரல்களைச் சால்வைக்குள் மூடுகிறாள்.