வரிசையில் ஒரு மாப்பிள்ளை

கல்முனைக் கடற்கரையில் பெருநாள் கார்னிவல். ராட்டினத்துக்கு நீண்ட வரிசை. இரட்டை விலை கொடுத்து ‘ஸ்பெஷல் டிக்கட்’ எடுத்தால் நிற்காமலே ஏறலாம்.

“கால் உளையுது நஸீறா. ஸ்பெஷல் டிக்கட் எடுப்பமே?” என்றார் மீராமுகைதீன்.

“சும்மா நில்லுங்க. ராட்டினம் ஏறவா வந்த நாம? நம்மட மகள் றஸ்னாவுக்குப் பேசி வந்த மாப்பிள்ளை அந்தா முன்னுக்கு நிக்கிறார். அவருக்கு நம்மட முகம் தெரியா. பொறுமை இருக்கா எண்டு பார்ப்பம். ஸ்பெஷல் டிக்கட் எடுத்தாரெண்டா இந்தக் கலியாணம் சரிவராது.”

“என்னை எந்த வரிசையில வெச்சுப் பார்த்த நீ?”

“பார்க்காமக் கட்டினதுதானே பிழையாப் போச்சு. மகளுக்கும் அப்பிடி ஆகப்படா.”

மாப்பிள்ளை மிஹ்லார் பொறுமையாக நின்றான். ஏறும் முறை வந்ததும், வரிசைக் கடைசியில் அழும் பிள்ளையோடு நின்ற தாயை அழைத்துத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, அவளுடைய இடத்தில் போய் நின்றான்.

நஸீறாவின் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! தங்கமான பிள்ளை. வாங்க, போய் ஓமெண்டு சொல்லுவம்.”

இருவரும் வாசலைத் தாண்டியதும் மிஹ்லார் கைபேசியை எடுத்தான்.

“றஸ்னா, நீ சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சிட்டன். உம்மாவும் வாப்பாவும் சந்தோசமாப் போறாங்க. இனி நான் ஸ்பெஷல் டிக்கட் எடுக்கலாமா?”