இருக்கைக்குப் பின்னால்

டமார்!

கொட்டகைக் கூரையிலிருந்த காக்கைகள் சிதறிப் பறந்தன. பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் புகையைக் கக்கிவிட்டு ஒரு குலுக்கலோடு அடங்கியது.

"பார்த்தீங்கல்ல? கிளைவ் போனதுலேருந்து இதே கூத்துதான்," என்றாள் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டோரீன்.

கிளைவ் அவள் கணவன். பிப்ரவரியில் இறந்தான். 1966-ல் அபிங்டன் தொழிற்சாலையில் செய்த இந்த இரண்டு இருக்கைக் காரை முப்பது வருடம் தன் கையாலேயே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவன்.

ஸ்டார்ட் செய்கிறவருக்கே கார். இல்லையென்றால் நாளைக் காலையில் லட்லோவிலிருந்து உதிரிபாகக்காரர் வந்து அக்கக்காகப் பிரித்துவிடுவார். டோரீன் போனில் லினெட்டிடம் அப்படித்தான் சொன்னாள். பழைய கார் கிளப்பின் பட்டியலில் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டாளாம்.

லினெட்டுக்கு அந்தக் கார் வேண்டும். கிளைவ் விட்டுப்போனதில் அவள் கேட்க முடிந்தது அது ஒன்றுதான். இறுதிச் சடங்கில்கூடக் கடைசி வரிசையில்தான் நின்றாள்.

அதனால், இன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் காரைச் சுற்றி வந்தாள். எண்ணெய் சொட்டுக்காக அடியில் வைத்திருந்த கேக் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். பானெட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். பாட்டரி முனைகளைச் சுரண்டினாள்.

டோரீன் மறுபடி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அலுப்பாக முனகியது.

காரணம் லினெட்டுக்கு முதலிலேயே தெரியும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று பேச வேண்டிய பெட்ரோல் பம்ப் ஊமையாக இருந்தது.

"காத்துல முடி கலையும்னு அவர் இருந்தவரை நான் இதுல ஒரு நாள்கூட ஏறினதில்லை. எனக்கென்ன தெரியும்? விடுங்க, டீ ஆறுது. நாளைக்கு அந்தாளே அள்ளிட்டுப் போகட்டும்," என்றாள் டோரீன்.

லினெட் தயங்கி நின்றாள்.

ஒன்பது வருடப் புதன்கிழமைகளில் சாவியைத் திருப்புவது கிளைவின் வேலை. பம்ப்பைத் தட்டி எழுப்புவது பக்கத்து இருக்கையின் வேலை.

டோரீன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இடது கால் ஷூவைக் கழற்றினாள். பம்ப் இருக்கும் இடத்துக்கு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குனிந்தாள்.

அங்கே கிடந்த விரிப்பை யாரோ எடுத்திருந்தார்கள். வெறும் தகட்டில், பிறை பிறையாகப் பெண் ஷூவின் குதிகால் தடங்கள்.

ஷூவின் குதிகாலால் அதே இடத்தில் இரண்டு தட்டு.

டிக். டிக். டிக்.

டோரீன் சாவியை முழுக்கத் திருப்பினாள். கொட்டகை அதிர இன்ஜின் உயிர் பெற்றது.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்," என்றாள் லினெட், ஷூவை மாட்டிக்கொண்டே.

டோரீன் இறங்கினாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவை லினெட்டுக்காகத் திறந்தே பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடி கிளப்புலேருந்து மூணு பொம்பளைங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஷூவைக் கழட்டணும்னு ஒருத்திக்கும் தோணலை."