தட்டிக்கேட்டல் பிராக்டிகல்

"நாளைக்கு மட்டும் லீவு போட்டுடாதீங்க மேடம்," என்று பள்ளியிலிருந்து வகுப்பாசிரியை போன் செய்தார். "தட்டிக்கேட்டல் பிராக்டிகல். எக்ஸ்டர்னல் வர்றாங்க. உங்க பையன் வரலேன்னா இருபத்தாறு பிள்ளைங்களுக்கு மார்க் போயிடும்."

என் மகன் இனியன் ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளம், தொட்டால் அழுதுவிடுவான். அதனால் அடிவாங்கும் பிள்ளையாக அவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாடகத்தில்கூட அவனை யாரும் சேர்த்ததில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் மாலை இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து வந்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடவை பி.டி. மாஸ்டர் அவனைத் தள்ளிவிட்டாராம். உடனே அந்தப் பிள்ளை ஓடிவந்து, "விடுங்க சார், இது தப்பு!" என்று சொல்லி அவனைத் தூக்கிவிடுமாம். இருபத்தாறு பேருக்கும் இருபதுக்கு இருபது.

"உனக்கு எவ்வளவுடா?"

"ஃபெயில்மா. நான் யாரையும் காப்பாத்தலையே."

வந்த ஆத்திரத்தில் வகுப்பாசிரியையை அழைத்துக் கத்தினேன். அவர் பதறவே இல்லை.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். ஜூன்ல மறுதேர்வு இருக்கு. தள்ளிவிட ஒரு சின்னப் பிள்ளையை மட்டும் நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. சட்டுனு அழுற பிள்ளையா இருந்தா நல்லது."

எதிர் ஃபிளாட் வாசுகிக்கு ஒன்றாம் வகுப்பில் ஒரு மகன் இருக்கிறான். ஒல்லிக்குச்சி. ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியோடு போய் காலிங்பெல்லை அழுத்தினேன். கதவைத் திறந்தது அவன்தான்.

"கீழ விழுந்தா அழுவியாடா செல்லம்?" என்று கேட்டேன்.