மூன்றாம் ஓலை

நான்காவது பெஞ்சியிலிருந்து மாப்பிள்ளையே எழுந்து நின்றான்.

குருவானவர் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாவது ஞாயிறாக வாசித்து முடித்திருந்தார். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைப் புரட்டப் போனார்.

“எனக்குத் தடை இருக்குதய்யா” என்றான் தேவவரம்.

கோயிலில் இருந்த எண்பது பேரும் திரும்பினார்கள். துரைமார் வீட்டு ஆயாக்கள், சமையல்காரர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள். கல்கத்தாவில் தமிழில் ஜெபிக்க ஞாயிறு பிற்பகல் அந்த ஒரு கோயில்தான் அவர்களுக்கு இருந்தது. யாருடைய ஜெபப் புத்தகமோ தரையில் விழுந்தது. எடுக்க ஒருவரும் குனியவில்லை.

மணப்பெண்ணின் தகப்பனார் வேதமாணிக்கம் முன்வரிசையில் இருந்தார். அவருக்குக் காதில் விழுந்தது புரியவே சற்று நேரம் பிடித்தது. அலிப்பூர் கோர்ட்டில் பதினெட்டு வருஷமாகத் தலைமைக் குமாஸ்தா. ஆட்சேபனை மனுக்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர். தன் கல்யாணத்தைத் தானே ஆட்சேபிக்கிற மாப்பிள்ளையை அவர் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதுமில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் இந்நேரம் ரயில் ஏறியிருப்பார்கள்.

“என்ன தடை?” என்றார் குருவானவர்.

“குத்தம் என் பேருலதான். பொண்ணு பேருல ஒண்ணுமில்ல. இதுக்கு மேல இங்க வச்சுக் கேக்காதீங்க.”

பெண்கள் பக்கத்தில் கசமுசவென்று பேச்சு கிளம்பியது. ஊரில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று அதற்குள் யாரோ முடிவே கட்டிவிட்டார்கள்.

வேதமாணிக்கம் அந்தப் பக்கம் திரும்பத் துணியவில்லை. அங்கேதான் லேயாள் உட்கார்ந்திருந்தாள். தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள்.

ஆராதனை முடிந்ததும் முடியாததுமாக அவர் பாதிரியார் அங்கி மாற்றும் சிறிய அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். தேவவரம் அங்கே தனியாக நின்றிருந்தான். பெஹாலா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் பாலிகஞ்சில் அவர் வீட்டில் சாப்பிட்டவன். அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது.

அடிக்கத்தான் கையை ஓங்கினார்.

அவன் விலகவில்லை. இடது சட்டைக் கையை மேலே சுருட்டினான். மணிக்கட்டுக்கு மேலே வெளிறிப்போன ஒரு படை. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது. மேஜையில் பதிவேட்டின் அருகே கிடந்த பேனாவை எடுத்து, அதன் முள்ளைப் படையின் நடுவில் குத்தி அழுத்தினான்.

மையோடு இரத்தம் கலந்து வந்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“வியாழக்கிழமை டாக்டர்கிட்டக் காட்டினேன் மாமா. அதேதான்னு சொல்லிட்டார்.”

பெருவியாதி. அந்தப் பேரை இருவருமே வாயால் சொல்லவில்லை.

ஓங்கிய கை இறங்குவதற்கு முன் வேதமாணிக்கத்தின் கால் ஓர் அடி பின்னால் போயிருந்தது. போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தேவவரமும் அதைப் பார்த்தான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

“லேயாள்கிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா அவ என்னை விடமாட்டா. நாளைக்கு நான் குஷ்டரோகிகள் விடுதிக்குப் போறேன், அங்கயே வந்து நிப்பா. எனக்கு ஊர்ல இன்னொருத்தி இருக்கான்னே சொல்லுங்க. கொஞ்ச நாள் அழுவா. அப்புறம் என்னை வெறுத்துருவா. பொழச்சிக்கிடுவா.”

வேதமாணிக்கத்துக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. கால் நகர மறுத்தது. அந்த வெட்கத்தோடு, சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

முகப்பில் லேயாள் நின்றிருந்தாள். சற்றுத் தள்ளி, டிராம் பிடிக்கப் போக மனமில்லாமல் பெண்கள் கூட்டமொன்று.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கோயில் வாசலில் வைத்து அவர் பொய் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

“அவன் நமக்கு வேண்டாம்மா. ஊர்ல இன்னொருத்தி இருக்காளாம். அவனே ஒத்துக்கிட்டான்.”

லேயாள் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

“கையைக் காட்டிட்டாகளாப்பா?”

அவர் திரும்பி அந்த அறைப் பக்கம் பார்த்தார்.

“எனக்கு ஜூலை மாசமே தெரியும். ஞாயிறு பள்ளியில சுட்டுக்கிட்டிருந்த விளக்குச் சிமினி மேல அவுக கை கிடந்துது. அவுக பாட்டுக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்காக. நான்தான் கையை எடுத்துவிட்டேன். அதுக்கப்புறம்தானப்பா அவுகளைக் கட்டிக்கிடுதேன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். அவுகளுக்குத் தெரியறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிறணும்னு பாத்தேன்.”

சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அறைக் கதவு திறந்தது. ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம் முகப்புவரை கேட்டது.

பிடித்திருந்த மகளின் கையை எப்போது விட்டோம் என்று வேதமாணிக்கத்துக்குத் தெரியவில்லை.