தண்ணீர் குடித்துவிட்டு வரவும்

உலக வர்த்தக மாநாடு முடியும்வரை தெருமுனையில் ஆளில்லாத பேசும் செக்போஸ்ட் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். கடந்துபோகும் எல்லாரிடமும் அது "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கும்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய குஞ்சிதத்திடமும் கேட்டது. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது கேட்கிற கேள்வியா அது? பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினாள். செக்போஸ்ட் மறுபடி கேட்டது.

மதியம் வரை இதே கதைதான். கணவர் ஏகாம்பரம், "பதிலச் சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

"உங்க தங்கச்சி கல்யாணமா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

கடைசியில் செக்போஸ்டுக்கே விளக்கினாள். "கிளம்புறவங்கள அப்படிக் கேக்கக்கூடாதுப்பா. கேட்டுட்டா, உட்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் திரும்பக் கிளம்பணும்."

"உள்ளூர்ப் பாதுகாப்பு விதியாகச் சேர்த்துக்கொண்டேன்" என்றது அது. "எங்கே போகிறீர்கள்?"

குஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். வந்து உட்காரக்கூட இல்லை, வாசல் மணி அடித்தது. காதில் மொழிபெயர்ப்புக் கருவியோடு இரண்டு வெளிநாட்டு அமைச்சர்கள் நின்றிருந்தார்கள். செக்போஸ்ட் விதியைச் சொல்லி, பக்கத்தில் இருந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். சோபாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர்களை வெறும் தண்ணீரோடு அனுப்ப மனம் வருமா?

"அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் குஞ்சிதம்.

அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி உட்கார்ந்து, டம்ளரை நீட்டினார்கள்.