சிக்னல்காரரின் டப்பா

மதியம் ஒரு மணி ஆனால் போதும், கிரேன்காரர் திருட ஆரம்பித்துவிடுவார்.

அறுபது மீட்டர் உயரக் கேபினிலிருந்து ஏணி வழியாக இறங்கி வந்து, கை கழுவி, மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறப்பார். அளந்து வைத்த சோறு, அவித்த காய், ஒரு முட்டை. ஐந்தே நிமிஷத்தில் காலி. அப்புறம் கண் மெல்லப் பக்கத்து டப்பாவுக்குப் போகும்.

பக்கத்தில் இருப்பவர் சிக்னல்காரர். கீழே நின்று வாக்கி டாக்கியில் "இடது பக்கம், இன்னும் கொஞ்சம், நிறுத்துங்க" என்று அவருக்கு வழி சொல்பவர். பத்து வருஷப் பழக்கம்.

"தம்பி, அதுல என்ன?"

"கோழியும் ரெண்டு துண்டு ரொட்டியும்ணே."

"உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லட்டா?"

உப்புப் பார்த்து முடிக்கும்போது டப்பா துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

"என்ன இருந்தாலும் உன் வீட்டுக்காரி கைப்பக்குவம் எங்க வீட்டம்மாவுக்கு வராதுடா" என்று விரலைச் சூப்புவார். சிக்னல்காரர் தலையைக் குனிந்துகொள்வார்.

சாதாரண நாளாக இருந்தால் இதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் வருடாந்திரப் பரிசோதனையில் நூறு கிலோவைத் தாண்டியவர் இனி கேபினுக்கு ஏறக் கூடாது என்று கம்பெனி புது விதி போட்டிருந்தது. கிரேன்காரர் நூற்றொன்பது. கையில் இருந்ததோ ஐந்து மாதம். எடை இறங்காவிட்டால், பத்தொன்பது வருஷமாக வானத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ண வேண்டியதுதான்.

பயத்தில் முதலில் மூன்று நாள் வெறும் வெள்ளரிக்காயும் தண்ணீருமாக இருந்து பார்த்தார். நான்காம் நாள் பாதி ஏணியில் தலை சுற்றி, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று மாலையே மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரேயடியா வெட்டாதீங்க" என்றார் டாக்டர். "இந்த மாசம் தினமும் ரெண்டு கரண்டி குறைங்க. உடம்பு பழகட்டும். அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். மெதுவா இறங்கின எடைதான் திரும்ப ஏறாம இருக்கும்."

மனைவி ஒரு சின்னத் தராசு வாங்கினார். கலோரிப் பட்டியல் சமையலறைச் சுவரில் ஏறியது. இங்கே என்னடாவென்றால் இந்தக் கூத்து.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சிக்னல்காரரை ஒருநாள் தனியாகப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணு அங்க கிராம் கிராமா அளந்து அனுப்புது. நீ இங்க அள்ளி அள்ளிக் குடுக்கிற. கூட இருந்தே அவருக்குக் குழி பறிக்கிறியா?"

"ஆசையா கேக்குறாருக்கா. மொகத்தப் பாத்து எப்படி இல்லன்னு சொல்றது?"

"வேல போனதுக்கப்புறம் அந்த மொகத்த எப்படிப் பாக்கப் போற?"

சிக்னல்காரர் அடுத்த நாளும் டப்பாவைத் திறந்து, கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. கிரேன்காரர் செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு எடை மிஷினில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

தொண்ணூற்றெட்டரை.

வெளியே வந்தவர் சிக்னல்காரரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"என் உடம்பே தனி வார்ப்பு தம்பி. அவ டப்பாவும் தின்னேன், உன் டப்பாவும் தின்னேன். அப்பவும் இறங்கிடுச்சு பாரு."

சிரித்துக்கொண்டிருந்த முகம் திடீரென்று வாடிவிட்டது.

"ஆனா மனசு உறுத்துதுடா. எனக்குத் துணையா அவளும் அஞ்சு மாசமா அதே அளவுதான் சாப்பிடுறா. நான் இங்க அவளை ஏமாத்திட்டு இருந்திருக்கேன். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிடப் போறேன்."

"எதுக்குண்ணே இப்ப போய்..."

"இல்லடா. சொன்னாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

சொல்லிவிட்டு அவர் ஏணியில் ஏறினார். நடுவில் எங்கேயும் மூச்சு வாங்க நிற்கவில்லை.

அவர் கேபினுக்குள் போனதைப் பார்த்த பிறகு, சிக்னல்காரர் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போனார். தன் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே போன் போட்டார்.

"அண்ணி, தொண்ணூத்தெட்டரை. மேல ஏறிட்டாரு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"இன்னொரு விஷயம் அண்ணி. திருடித் தின்னதெல்லாம் சாயங்காலம் வந்து ஒத்துக்கப் போறாராம். தெரியாத மாதிரி கொஞ்சம் கோவப்படுங்க."

"படுறேன். ஆனா நாளைக்கும் நீ டப்பாவத் திறந்து பக்கத்துல வச்சுக்க தம்பி. அடுத்தவங்க சாப்பாட்டுல கை வச்சாத்தான் அந்த மனுஷனுக்கு வயிறு நெறையும். கல்யாணத்தன்னைக்கே என் தட்டுலேருந்துதான் எடுத்துத் தின்னாரு."

"சரி அண்ணி."

"இன்னும் ஒரு கரண்டி குறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவர் எடுத்துட்டு வர்ற டப்பாவுல குறைக்கட்டுமா, இல்ல, அவர் குளிக்கப் போனதும் தினம் உன்கிட்ட குடுத்து விடுறேனே, அந்த டப்பாவுல குறைக்கட்டுமா?"

சிக்னல்காரர் யோசித்தார்.

"அவருதுலயே குறைச்சிடுங்க அண்ணி. என்னுதுல ஒரு வாய் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவாரு."